மர ஊமத்தை உடம்புக்குள் என்ன செய்கிறது? – பழனி மலையிலிருந்து ஒரு விவாத இழை

பூம்பாறைத் தோட்டக்காரர்:

அன்பர்களுக்கு வணக்கம். வட்டக்கானல் ஓடையோரத்திலும், கொடைக்கானலின் பழைய பங்களா வேலிகளிலும், எங்கள் பூம்பாறைச் சாலையின் சரிவுகளிலும் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ தலைகீழாகத் தொங்கும் பூக்களை உடைய செடியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஊமத்தையின் சாயல் இருப்பதாலும் ஆள் உயரத்தைத் தாண்டி மரமாக வளர்வதாலும் இந்த இழையில் அதை மர ஊமத்தை என்றே எழுதுகிறேன்.

சென்ற மாதம் எங்கள் வேலியை வெட்டிச் சீராக்கிய தொழிலாளி ஒருவருக்கு அன்று மாலை வலது கண்ணின் பாப்பா மட்டும் மிகப் பெரிதாக விரிந்துவிட்டது. வலி இல்லை, கண் சிவக்கவும் இல்லை. கிட்டத்தில் உள்ளவை மங்கலாகத் தெரிந்தன, வெளிச்சம் கூசியது. மலைக்குக் கீழே ஒரு மருத்துவமனையில், மூளையில் கோளாறு இருக்கக்கூடும் என்று சொல்லித் தலையை ஸ்கேன் செய்தார்கள். அதில் ஒன்றும் தென்படவில்லை. அவர் அன்று என்ன வேலை செய்தார், எந்தச் செடியைத் தொட்டார் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. சில நாள்களில் கண் தானாகவே சரியாகிவிட்டது. ஆனால் அந்த ஸ்கேனுக்காக அவர் கடன் வாங்க வேண்டியதாயிற்று. கண்ணில் பட்ட சிறிது சாறே இவ்வளவு செய்யுமானால், வயிற்றுக்குள் போனால் என்ன செய்யும் என்பதை விவரமாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

வட்டக்கானல் ஆசிரியை (தாவரவியல்):

முதலில் செடியைச் சரியாக அடையாளம் கண்டுகொள்வோம். நீங்கள் குறிப்பிடுவது புரூக்மான்சியா. கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, புகையிலை, மணத்தக்காளி, நம் சாலையோரக் கடைகளில் விற்கும் மரத்தக்காளி ஆகிய அனைத்தும் அடங்கிய சொலனேசி குடும்பத்தைச் சேர்ந்தது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளும் தென்கிழக்குப் பிரேசிலும் இதன் தாயகம். வியப்பு என்னவென்றால், தன் தாயகத்தில் இயற்கையாக வாழும் கூட்டம் எதுவும் இன்று இதற்கு இல்லை. காட்டில் அற்றுப்போன இனங்களின் பட்டியலில் இதை வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட செடி நம் மலையின் ஈரத்திலும் குளிரிலும், வெட்டிப் போட்ட கிளையிலிருந்தே வேர்விட்டுச் செழிக்கிறது.

சமவெளியில் குப்பைமேட்டில் முளைக்கும் ஊமத்தை இதற்கு நெருங்கிய உறவு. ஊமத்தையின் பூ மேல்நோக்கி நிற்கும், காய் உருண்டையாக முள்ளோடு இருக்கும். மர ஊமத்தையின் பூ தொங்கும், காயில் முள் இருக்காது. ஐரோப்பாவில் பெயர்போன நச்சுச்செடியான பெல்லடோனாவும் இதே குடும்பம்தான். நம் நாட்டில் அதன் உறவான ஓர் இனம் காஷ்மீர்ப் பக்கத்து இமயமலையில் வளர்கிறது, நம் மலையில் அது கிடையாது. ஆனால் இந்த மூன்று செடிகளிலும் உள்ள நஞ்சுகள் ஒன்றே: அட்ரோபின், ஹையோசயமின், ஸ்கோபாலமின். இவை வேரில் உருவாகி, இலைக்கும் பூவுக்கும் விதைக்கும் ஏறுகின்றன. ஆகவே செடியில் நஞ்சில்லாத பாகம் என்று எதையும் காட்ட முடியாது. அளவும் ஒரே சீராக இருப்பதில்லை. ஒரே வேலியில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு செடிகளுக்குள்ளேயே வேறுபடும், ஒரே செடியில் பருவத்துக்குப் பருவமும் மாறும்.

உடம்புக்குள் நடப்பதை மருத்துவர் எவரேனும் விளக்கினால் நன்று.

அவசரப் பிரிவு மருத்துவர்:

ஆசிரியை அம்மாவுக்கு நன்றி. நான் பல ஆண்டுகளாகச் சமவெளியில் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்ப்பவன். ஊமத்தை விதை உட்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மர ஊமத்தையின் நஞ்சும் அதே வழியில்தான் வேலை செய்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு செயலைப் புரிந்துகொண்டால் மற்ற அறிகுறிகள் எல்லாம் தாமாகவே விளங்கிவிடும்.

நம் நரம்புகள் உறுப்புகளுக்குக் கட்டளையிடும்போது நுனியில் ஒரு வேதிப்பொருளைச் சுரக்கின்றன. 1921-இல் ஓட்டோ லோவி என்பவர், ஒரு தவளையின் இதயத்துக்குச் செல்லும் நரம்பைத் தூண்டி, அதன் துடிப்பு மெதுவானதும், அந்த இதயம் கிடந்த திரவத்தை எடுத்து இன்னொரு தவளை இதயத்தில் விட்டார். நரம்பைத் தொடாமலேயே இரண்டாவது இதயமும் மெதுவாகத் துடித்தது. அந்தத் திரவத்தில் இருந்த தூதுப்பொருள்தான் அசிட்டைல்கோலின். இதற்காக அவருக்கும் ஹென்றி டேலுக்கும் 1936-இல் நோபல் பரிசு கிடைத்தது. உமிழ்நீர், கண்ணீர், வியர்வை ஆகியவற்றைச் சுரக்க வைப்பதும், குடலையும் சிறுநீர்ப்பையையும் சுருங்கச் செய்வதும், வெளிச்சத்தில் கண்பாப்பாவைச் சுருக்குவதும், இதயத்தின் வேகத்துக்குக் கடிவாளம் இடுவதும், மூளையில் கவனத்தையும் நினைவையும் காப்பதும் இந்தத் தூதுப்பொருளே. உறுப்பில் அது போய் அமரும் இடத்தை ஏற்பி என்கிறோம். இங்கே பேசப்படுபவை மஸ்கரினிக் ஏற்பிகள்.

பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதை நாம் அறிவோம். துண்டு பயணம் செய்வதில்லை; ஆனால் அது கிடக்கும்வரை வேறு எவரும் அங்கே உட்கார முடியாது. அட்ரோபினும் ஸ்கோபாலமினும் ஏற்பிகளில் செய்வது இதுதான். தாமாக எந்தக் கட்டளையும் இடாமல், கட்டளை வரும் வழியை அடைத்துக்கொள்கின்றன.

அடைபட்டதும் என்ன ஆகும் என்று ஒவ்வொரு உறுப்பாகப் பாருங்கள். வாய் வறண்டு, நாக்கு அண்ணத்தில் ஒட்டி, தண்ணீரைக்கூட விழுங்க முடியாமல் போகும், பேச்சு குழறும். கண்பாப்பா விரியும், கிட்டப்பார்வைக்காக விழிலென்சைச் சரிசெய்யும் தசையும் செயலிழப்பதால் கைப்பேசியைக் கூடப் படிக்க இயலாது. இதயம் கடிவாளம் இழந்து, நிமிடத்துக்கு நூற்றிருபது, நூற்று நாற்பது என்று ஓடும். குடல் அசைவு நிற்கும். ஸ்டெதஸ்கோப்பை வயிற்றில் வைத்தால் வழக்கமான ஓசை கேட்காது. சிறுநீர்ப்பை நிறைந்து அடிவயிறு புடைத்திருக்கும், ஆனால் சிறுநீர் இறங்காது. வியர்வை நின்றுவிடுவதால் உடல்சூடு வெளியேற வழியின்றித் தேங்கும். முகமும் மார்பும் சிவந்து, தோல் சூடாகவும் உலர்ந்தும் இருக்கும்.

இந்தக் கடைசிக் குறியை நான் எப்போதும் கையால் தொட்டுப் பார்ப்பது வழக்கம். பதற்றமும் வேகமான நாடியும் விரிந்த கண்பாப்பாவும் வேறு சில போதைப்பொருள்களாலும் வரும். அந்த நோயாளியின் அக்குள் வியர்வையில் நனைந்திருக்கும். ஊமத்தை நஞ்சு ஏறியவரின் அக்குள் காய்ந்து கிடக்கும். அந்த ஓர் அடையாளம், நோயாளி பேச முடியாத நிலையிலும் நமக்கு வழிகாட்டிவிடும்.

இனி மூளை. அட்ரோபினைவிட ஸ்கோபாலமின் மூளைக்குள் எளிதாக நுழையும். மர ஊமத்தையில் ஸ்கோபாலமின் கணிசமாக உண்டு. அதனால்தான் இந்தச் செடியின் நஞ்சில் மனக்குழப்பம் அவ்வளவு முன்னால் நிற்கிறது. நோயாளி எதிரே இல்லாத மனிதருடன் பேசுவார், காற்றில் எதையோ பொறுக்குவார், போர்வையின் நூலைப் பிடுங்கிக்கொண்டே இருப்பார், விரல்களுக்கிடையே இல்லாத பீடியை இழுப்பார். சில நேரம் ஓடவும் தாக்கவும் முயல்வார். தெளிந்த பிறகு இவற்றில் பெரும்பாலானவை அவருக்கு நினைவில் இருக்காது.

கஷாயமாகக் குடித்தால் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கிவிடும். மென்ற விதையில் சற்றுத் தாமதமாகலாம். இரைப்பையும் குடலும் ஓய்ந்துபோவதால் உள்ளே கிடப்பது மெதுவாகத் தொடர்ந்து ஏறிக்கொண்டே இருக்கும். ஆகவே ஒருநாளோ இரண்டு நாளோ நீடிப்பது சாதாரணம். கண்பாப்பா மட்டும் ஒரு வாரம் வரை விரிந்திருக்கலாம்.

தோட்டக்காரர் ஐயாவின் கேள்விக்கு வருகிறேன். சாறு பட்ட கையால் கண்ணைத் தேய்த்ததால், நஞ்சு இரத்தத்தில் கலக்காமல் அந்தக் கண்ணில் மட்டும் வேலை செய்திருக்கிறது. ஒரு கண்பாப்பா மட்டும் விரிந்தால் மருத்துவர் மூளை இரத்தக்குழாய் வீக்கத்தையும் கட்டியையும் நினைத்து அஞ்சுவது நியாயமே. அது உயிர்போகும் நோயாக இருக்கக்கூடும். ஆனால் நோயாளி நல்ல நினைவோடு, தலைவலி இன்றி, இமை தொங்காமல், கண் எல்லாப் பக்கமும் அசைந்தால், கண்பாப்பாவைச் சுருக்கும் பைலோகார்பின் மருந்து ஒரு சொட்டு விட்டால் பெரும்பாலும் விடை தெரிந்துவிடும். நரம்புக் கோளாறால் விரிந்த பாப்பா அந்தச் சொட்டுக்குச் சுருங்கும். செடிச் சாற்றால் விரிந்தது சுருங்காது, ஏனெனில் ஏற்பிகள் ஏற்கெனவே அடைபட்டுக் கிடக்கின்றன. அதற்கும் முன்னால், இன்று எந்தச் செடியைத் தொட்டீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். அதற்குக் காசும் செலவாகாது.

பெருமாள்மலை இளைஞன்:

டாக்டர் ஐயா, மிகுந்த கவலையோடு கேட்கிறேன். சுற்றுலா வரும் என் வயதுப் பையன்கள் சிலர், இந்தப் பூவைத் தேநீராகக் குடித்தால் கனவுலகம் தெரியும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். இயற்கையாக விளைவது, எனவே தீங்கு இருக்காது என்றும், அளவாகக் குடித்தால் போதும் என்றும் வாதிடுகிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

அவசரப் பிரிவு மருத்துவர்:

தம்பி, அளவாக என்பதற்கு இங்கே பொருளே இல்லை. மருத்துவமனையில் அட்ரோபின் ஊசிமருந்து ஒரு மில்லிலிட்டரில் 0.6 மில்லிகிராம் என்று அளந்து வருகிறது. அதிலேயே நாங்கள் எண்ணி எண்ணித்தான் போடுகிறோம். ஒரு பூவில் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பறித்தவராலும் சொல்ல முடியாது, குடித்தவராலும் சொல்ல முடியாது. நேற்று ஒருவர் குடித்து ஒன்றும் ஆகவில்லை என்பது இன்று குடிப்பவருக்கு எந்த உறுதியும் தராது.

இரண்டாவது, அது அவர்கள் நினைக்கும் கனவுலகமும் அல்ல. நடப்பது பொய்த்தோற்றம் என்ற உணர்வே நோயாளிக்கு இருப்பதில்லை. 1676-இல் அமெரிக்காவின் ஜேம்ஸ்டவுனில், ஒரு கலகத்தை அடக்க வந்த படைவீரர்கள் ஊமத்தை இலையைக் கீரையென்று சமைத்துத் தின்று, பதினோரு நாள் சித்தம் கலங்கிக் கிடந்ததாகப் பழைய வரலாற்றுக் குறிப்பு ஒன்று உண்டு. ஒருவர் இறகை ஊதி விளையாடிக்கொண்டிருந்தார், ஒருவர் அந்த இறகின்மீது வைக்கோலை வீசிக்கொண்டிருந்தார். தங்களையே காயப்படுத்திக்கொள்வார்கள் என்று அஞ்சி அவர்களை அடைத்து வைத்தார்கள். தெளிந்தபின் எதுவும் அவர்களுக்கு நினைவில்லை.

நஞ்சினால் நேரடியாக இறப்பது பெரும்பாலும் உடல்சூடு எல்லை மீறுவதாலும் இதயத் துடிப்பு தாறுமாறாவதாலும்தான். அதற்கு இணையான ஆபத்து, அந்த நிலையில் எழுந்து நடப்பது. தரை எது, வெளி எது என்று பிரித்தறியாத ஒருவர், வட்டக்கானலிலிருந்து டால்பின் மூக்குப் பாறைக்குச் செல்லும் பாதையில் இரவில் நடந்தால் என்ன ஆகும் என்பதை உள்ளூர்க்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எவரேனும் குடித்துவிட்டதாகத் தெரிந்தால், தெளியட்டும் என்று அறையில் பூட்டிவிட்டுப் போகாமல், ஒருவர் பக்கத்திலேயே இருந்து 108-ஐ அழையுங்கள்.

பண்ணைக்காடு அம்மா:

எனக்குச் சில செய்திகளைச் சொல்லவும் சிலவற்றைக் கேட்கவும் இருக்கிறது. மருத்துவர் விவரித்த அடையாளங்களைப் படித்தபோது, கிராமத்தில் இதைப் பேய் பிடித்தது என்றுதானே சொல்வார்கள் என்று தோன்றியது. எதிரே இல்லாதவரோடு பேசுவதும் கண் விரிந்து வெறிப்பதும் எங்கள் வயதுக்காரர்களுக்கு அப்படித்தான் பொருள்படும். முதலில் வேப்பிலை அடிக்கவும் மந்திரிக்கவும் அழைத்துப் போவார்கள். இல்லையென்றால் பித்தம் தெளிய எலுமிச்சம்பழத்தைத் தலையில் தேய்த்துக் குளிப்பாட்டுவார்கள். இன்னொன்று, புளிக்கரைசலோ உப்புநீரோ கொடுத்து வாந்தி எடுக்க வைப்பார்கள். இவற்றால் பயன் உண்டா?

எங்கள் மாமனார் காலத்தில் இரைப்புக்கு ஊமத்தை இலையைச் சுருட்டிப் புகைப்பார்கள். நெஞ்சு இளகியதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். அது மருந்தா நஞ்சா?

பிள்ளைகள் வேலியோரத்தில் மணத்தக்காளிப் பழத்தைப் பறித்துத் தின்கிறார்கள். அதுவும் இதே குடும்பம் என்று ஆசிரியை எழுதியிருப்பதைப் பார்த்ததிலிருந்து மனம் நிலைகொள்ளவில்லை. பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்கைப் பற்றியும் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் விதைக்கிழங்கு மூட்டைகள் எப்போதும் கிடக்கும்.

வட்டக்கானல் ஆசிரியை (தாவரவியல்):

மணத்தக்காளியைப் பற்றி நான் சொல்கிறேன் அம்மா, அஞ்ச வேண்டாம். கொங்குப் பக்கத்தில் சுக்குட்டிக் கீரை என்று வாரம் தவறாமல் சமைக்கிறார்களே, அதுதான். நன்கு பழுத்து, கறுத்தோ செம்மஞ்சளாகவோ மென்மையாகிவிட்ட பழத்தையும் வெந்த கீரையையும் நாம் தலைமுறை தலைமுறையாக உண்டு வருகிறோம். பச்சைக் காயை மட்டும் பச்சையாகத் தின்ன விடாதீர்கள். அதில் சொலனின் வகை நஞ்சு மிகுந்திருக்கும். வற்றல் போடுபவர்கள் காயை மோரில் ஊற வைத்துக் காய வைத்து வறுக்கிறார்கள், அளவும் சிறிது.

கவனிக்க வேண்டிய வேறொரு செடி இருக்கிறது. கொடைக்கானல் சுற்றுவட்டாரத்தில் காட்டை வெட்டிய இடத்திலெல்லாம் முளைத்து நிற்கும், சாம்பல்பச்சை நிறத்தில் வெல்வெட்டு இலையும் ஊதாப் பூங்கொத்தும் உடைய காட்டுச் சுண்டை மரம் அது. அறிவியலில் சொலானம் மொரிஷியானம். அதன் உருண்டைக் காய்கள் கொத்தாக இருப்பதால் பிள்ளைகள் சுண்டைக்காய் என்று எண்ணிவிடுவார்கள். அந்தக் காய் நச்சுடையது. இலையின் நுண்ணிய மயிர்கள்கூட மூக்கையும் தொண்டையையும் அரிக்கும்.

அவசரப் பிரிவு மருத்துவர்:

அம்மா கேட்டவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன்.

மந்திரிப்பதிலும் எலுமிச்சையிலும் போகும் மணிநேரங்களே பெரிய இழப்பு. வாந்தி எடுக்க வைப்பது அதைவிடக் கேடு. விழுங்க முடியாத வறண்ட தொண்டையும் தெளிவில்லாத மனமும் உள்ளவருக்குள் ஊற்றும் நீர் நுரையீரலுக்குத்தான் போகும். மருத்துவமனையில் நிலைமையைப் பார்த்து, வயிற்றில் உள்ள நஞ்சை ஈர்த்துக்கொள்ளும் மருத்துவக் கரித்தூள் கொடுப்போம். குடல் ஓய்ந்து கிடப்பதால் சற்றுத் தாமதமாக வந்தவருக்கும் அது பயன்படலாம். படபடப்பை டயாசிபாம் வகை மருந்தால் அடக்குவோம், ஈரத்துணியாலும் விசிறியாலும் சூட்டை இறக்குவோம், குழாய் விட்டுச் சிறுநீரை எடுப்போம், ஈ.சி.ஜி.யைத் தொடர்ந்து பார்ப்போம். உங்கள் மலையிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும் வழியில் வெயில் ஏறிக்கொண்டே போகும். வியர்க்க முடியாத உடம்புக்கு அது பெரும் சோதனை. ஆகவே நோயாளியைக் கம்பளியால் போர்த்தாமல், சட்டையைத் தளர்த்தி, சன்னலைத் திறந்து அழைத்து வாருங்கள்.

சிவந்த தோலைப் பார்த்து ஒவ்வாமை என்று நினைத்து, ஒவ்வாமைக்கான பழைய வகை ஊசியைப் போட்டுவிடக்கூடிய அபாயம் உண்டு. அந்த ஊசிமருந்துகளுக்கும் இதே ஏற்பிகளை அடைக்கும் குணம் இருப்பதால் நிலைமை மோசமாகும். சளி மாத்திரைக்கும் இது பொருந்தும்.

முறிவு மருந்து ஒன்று இருக்கிறது, பைசோஸ்டிக்மின் என்று பெயர். மேற்கு ஆப்பிரிக்காவின் கலபார் அவரையிலிருந்து கிடைத்த அதுவும் ஒரு நஞ்சே. 1864-இல் பிராகு நகரில் லுட்விக் கிளைன்வாக்டர் என்ற மருத்துவர், அட்ரோபின் குடித்துவிட்ட கைதிகளுக்கு இந்த அவரையின் சாற்றைக் கொடுத்துப் பார்த்தார். அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை இது தடுக்கிறது. தூதுப்பொருள் பெருகி, கூட்டம் நெருக்கித் துண்டை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் எல்லா மருத்துவமனைகளிலும் அது கைவசம் இருக்காது. இதயத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால் கவனத்தோடுதான் கொடுக்க வேண்டும். பெரும்பாலானோர் அது இல்லாமலேயே, நான் சொன்ன கவனிப்பால் பிழைத்துக்கொள்கிறார்கள்.

உங்கள் மாமனார் கண்ட பலன் உண்மையானதே. மூச்சுக்குழலைச் சுருக்குவதும் அதே அசிட்டைல்கோலின்தான். அதை அடைத்தால் குழல் விரியும். ஐரோப்பாவிலும் ஊமத்தைச் சுருட்டுகள் ஆஸ்துமாவுக்காகவே விற்கப்பட்டன. அந்த அறிவிலிருந்துதான் இன்று நெஞ்சுநோயாளிகள் இழுக்கும் இப்ராட்ரோபியம் மருந்து பிறந்தது. அட்ரோபினின் வடிவத்தைச் சற்று மாற்றி, மூளைக்குள் நுழைய முடியாதபடி செய்துவிட்டார்கள். வயிற்று இழுப்பு வலிக்குப் போடும் பஸ்கோபானும் ஸ்கோபாலமினை அப்படி மாற்றியதே. கைவசம் அளந்த மருந்து இருக்கும்போது அளவில்லாத இலையைப் புகைக்கத் தேவையில்லை. சித்த மருத்துவத்தில் ஊமத்தையைச் சேர்க்கும்போது சுத்தி செய்தே, அதாவது நஞ்சு தணியப் பக்குவப்படுத்தியே சேர்க்கிறார்கள். பயின்ற மருத்துவரை விட்டுவிட்டு வீட்டில் செய்துபார்க்கும் வேலை அது அன்று.

உருளைக்கிழங்கின் நஞ்சு வேறு வகை. வெளிச்சம் பட்டுப் பச்சையான தோலிலும் முளையிலும் சொலனின், சாக்கோனின் ஆகியவை சேரும். அவை அட்ரோபினுக்கு நேர்மாறாக, அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுப்பவை. அதோடு குடலின் உயிரணுச் சவ்வுகளைக் கிழிப்பவை. சில மணி நேரம் கழித்து வயிற்றுவலி, வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் வரும். வேகவைத்தால் அழியாது. லண்டனில் ஒரு பள்ளியில், பழைய மூட்டையில் இருந்த கிழங்கை மதியச் சாப்பாட்டில் போட்டு 78 மாணவர்கள் நோயுற்றார்கள், 17 பேரை மருத்துவமனையில் சேர்த்தார்கள் என்று 1979-இல் மருத்துவ இதழில் எழுதப்பட்டது, அனைவரும் பிழைத்தார்கள். பச்சை நிறம் ஆழமாக இறங்கிய கிழங்கும், கசக்கும் கிழங்கும் அடுப்புக்குப் போகக் கூடாது. விதைக்கிழங்கை வெளிச்சத்தில் வைத்துப் பச்சையாக்கி நடுவது நல்ல வழக்கம்தான். அந்த மூட்டை சமையலறைப் பக்கம் வராமல் இருக்கட்டும்.

மன்னவனூர் விவசாயி:

நல்ல விளக்கம் ஐயா. எங்களுக்கு இருக்கும் கவலை வேறு. கேரட்டுக்கும் முட்டைக்கோசுக்கும் பூண்டுக்கும் மருந்து அடிக்கிறோம். மருந்து ஏறி மயங்கியவருக்கும், மனம் உடைந்து மருந்தைக் குடித்தவருக்கும் ஆஸ்பத்திரியில் அட்ரோபின் போடுவதைப் பார்த்திருக்கிறேன். அது இந்தச் செடியின் சத்துதான் என்றால், வண்டி வர இரண்டு மணி நேரம் ஆகும் எங்களைப் போன்ற ஊரில், இலையைக் கசக்கிக் கொடுத்து உயிரைப் பிடித்து வைக்க முடியாதா? எங்கள் ஊரில் முயல் வளர்ப்பவர்கள் நிறையப் பேர். முயல் ஊமத்தை இலையைத் தின்றும் சாகாது என்று அவர்கள் சொல்வதும் உண்மையா?

அவசரப் பிரிவு மருத்துவர்:

உங்கள் கேள்வி மிக நியாயமானது, ஆனால் விடை முடியாது என்பதே. ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து, அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை முடக்கிவிடுகிறது. தூதுப்பொருள் பெருகி உடம்பெங்கும் வெள்ளமாகிறது. ஆகவே அந்த நோயாளி, ஊமத்தை நோயாளியின் தலைகீழ் வடிவமாக வருவார். கண்பாப்பா ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கும்; எச்சில் வழியும், உடம்பு வியர்வையில் நனையும், நாடி தளரும். நுரையீரல் தன் சுரப்பிலேயே மூழ்குவதுதான் அவரைக் கொல்வது. அந்த மூச்சுக்குழல் உலரும்வரை அட்ரோபின் போடுகிறோம். 1.8 முதல் 3 மில்லிகிராமில் தொடங்கி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நெஞ்சைக் கேட்டுப் பார்த்து, போதவில்லை என்றால் இரட்டிப்பாக்கிக்கொண்டே போகிறோம். சிலருக்குப் பத்துக்கணக்கான மில்லிகிராம் தேவைப்படும். அளவு கூடிவிட்டால் ஊமத்தை அறிகுறிகள் தோன்றும், அப்போது நிறுத்திக் குறைப்போம். இத்தகைய கணக்கை இலையால் நடத்தவே முடியாது. வாந்தி எடுத்துக்கொண்டிருப்பவர் வாயில் இலைச்சாற்றை ஊற்றினால் அது மூச்சுக்குழலுக்குள் போகும்.

இரண்டு மணி நேரத்தில் நீங்கள் செய்யக்கூடியது வேறு, அதுவும் உயிர் காப்பதே. நனைந்த சட்டையைக் கழற்றுங்கள், கையுறை போட்டுக்கொண்டு சோப்பால் உடம்பையும் தலைமுடியையும் கழுவுங்கள், இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வையுங்கள், வாயில் வழிவதைத் துடைத்துக்கொண்டே இருங்கள், மருந்து டப்பாவைக் கையோடு கொண்டுவாருங்கள். மருந்தைக் குடித்தவர் என்றால், பிழைத்தபின் அவரைத் தனியே விடாமல் மனநல மருத்துவரிடமும் அழைத்துப் போங்கள். 104 என்ற எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

முயலைப் பற்றிச் சொன்னது உண்மை, ஆனால் எல்லா முயலுக்கும் அன்று. சில முயல்களின் இரத்தத்தில் அட்ரோபினை உடைக்கும் நொதி பிறவியிலேயே அமைந்திருக்கிறது. அது இல்லாத முயலும் உண்டு. மனிதருக்கு அந்த நொதி கிடையாது. ஆடு தின்றது, முயல் தின்றது, பறவை கொத்தியது என்பதை வைத்து ஒரு காயை நல்லதென்று முடிவு செய்வது மலைவாழ் மக்களிடம் இன்னும் இருக்கும் பழக்கம் என்பதால் அழுத்தமாகச் சொல்கிறேன்.

வட்டக்கானல் ஆசிரியை (தாவரவியல்):

கண்பாப்பா பற்றி வந்ததால் ஒரு வரலாற்றுச் செய்தியையும் பதிவு செய்கிறேன். காபி விளையும் நம் மலைக்கும் அதில் ஒரு தொடர்பு இருக்கிறது. ஜெர்மனியில் பிரீட்லீப் ரூங்கே என்ற இளம் வேதியியலாளர், பெல்லடோனாச் சாற்றின் ஒரு சொட்டு பூனையின் கண்பாப்பாவை விரிப்பதைக் கண்டறிந்து, 1819-இல் யேனா நகரில் பூனையைக் கையில் தூக்கிக்கொண்டு போய்க் கவிஞர் கதேக்குக் காட்டினார். வியந்த கதே, தம்மிடம் இருந்த அரிய காபிக்கொட்டைகளை அவரிடம் கொடுத்து, இதையும் ஆராய்ந்து பாருங்கள் என்றார். அந்தக் கொட்டைகளிலிருந்துதான் ரூங்கே கஃபீனைப் பிரித்தெடுத்தார். தூய அட்ரோபினைப் பிரித்தது அதன்பின் 1830-களின் தொடக்கத்தில். கண்ணைச் சோதிக்கும் முன் மருத்துவர் விடும் சொட்டு மருந்துகளின் வரலாறு அந்தப் பூனையின் கண்ணில் தொடங்குகிறது என்பது என் மாணவிகளுக்கு நான் விருப்பத்தோடு சொல்லும் செய்தி.

பூம்பாறைத் தோட்டக்காரர்:

எல்லோருக்கும் நன்றி. நடைமுறையில் இரண்டு கேள்விகள் எஞ்சியிருக்கின்றன. இந்த வேலியை வேரோடு எடுத்துவிட வேண்டுமா? வெட்டும்போது தொழிலாளிகளை எப்படிக் காப்பது?

அவசரப் பிரிவு மருத்துவர்:

வெட்டுபவர்களுக்கு முழங்கை வரை ரப்பர் கையுறையும், பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடியும் கொடுங்கள். வியர்வையைத் துடைக்கத் தனித் துணி இருக்கட்டும். புறங்கையால் நெற்றியைத் துடைக்கும்போதுதான் சாறு கண்ணுக்குப் போகிறது. பீடியோ வெற்றிலையோ சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே. சாறு கண்ணில் பட்டுவிட்டால் கால் மணி நேரம் நல்ல தண்ணீரால் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். கண் விரிந்தவர் பார்வை சீராகும்வரை மலைப்பாதையில் வண்டி ஓட்டக் கூடாது, எதிர்வண்டியின் விளக்கு கண்ணைக் குருடாக்கிவிடும். நாற்பது வயதைக் கடந்த ஒருவருக்குக் கண் விரிந்ததோடு கடும் வலியும் சிவப்பும் வாந்தியும் வந்தால் அது கண் அழுத்தம் ஏறியதன் அடையாளம். அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். எவர் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் செடியின் ஒரு கிளையையோ கைப்பேசிப் படத்தையோ உடன் கொடுத்தனுப்புங்கள்.

வட்டக்கானல் ஆசிரியை (தாவரவியல்):

வெட்டிய கிளைகளை எரிக்க வேண்டாம். ஊமத்தைச் சுருட்டு வேலை செய்ததே புகையின் வழியாகத்தான். ஓடையில் தள்ளினால் கீழே உள்ள கரைகளில் எல்லாம் வேர்விடும். மாடு எட்டாத இடத்தில் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைப்பது நல்லது. வேரோடு எடுப்பதைப் பற்றி என் கருத்து, செடி நிற்கும் இடத்தைப் பொறுத்தது. பிள்ளைகள் கைநீட்டும் தொலைவில் நிற்பவற்றை எடுத்தே தீர வேண்டும்.

பூம்பாறைத் தோட்டக்காரர்:

பள்ளிப் பாதையோரத்தில் நிற்பவற்றை இந்த மழை ஓய்ந்ததும் எடுத்துவிடுகிறோம். ஓடைச் சரிவில் இருப்பவை மண்ணைப் பிடித்து நிற்பதால், அங்கே வேறு செடி வேரூன்றும்வரை விட்டுவைத்து, பூக்கும் கிளைகளை மட்டும் கையுறையோடு கழித்துவருகிறோம். கண் விரிந்த அந்தத் தொழிலாளிக்கு இந்த இழை முழுவதையும் நேற்று வாசித்துக் காட்டினேன். பக்கத்துத் தோட்டத்தில் அதே வேலி வெட்டும் வேலைக்குப் போகும் தம் தம்பிக்கும் ஒரு கண்ணாடி வாங்கித் தரச் சொன்னார். வத்தலக்குண்டுக்கு இறங்கும்போது இரண்டாக வாங்கி வருகிறேன்.